லிங்கைத் தொட்டது நாம், சேதி போனது யாருக்கு?

"எப்படியும் பார்க்கத்தான் போகிறார்கள், ஒழுங்கான வழியில் பார்த்துவிட்டுப் போகட்டும்." இணைய நுட்பம் அறிந்தவர்களிடம் லிங்க் கண்காணிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்று கிடைக்கும் பதில் இதுதான். பேச்சு பெரும்பாலும் அங்கேயே முடிந்தும் விடுகிறது. இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதில் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையைக் காட்டித்தான் மீதிப் பாதியை நம் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில் 'பிங்' என்று ஒரு வசதி இருக்கிறது. ஒரு லிங்கைத் தொட்டால் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பதை எழுதும் அதே வரியில், தொட்ட சேதியை யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதிவிடலாம். நாம் தொட்டதும் பிரவுசர் நம்மை நாம் கேட்ட பக்கத்துக்கு அழைத்துப் போகும். அதே நேரத்தில் பின்னாலேயே அந்த மற்ற முகவரிகளுக்குத் தானாகச் சேதி அனுப்பிவிடும். திரையில் ஒன்றும் தெரியாது. குரோம், சஃபாரி, எட்ஜ், ஓபரா ஆகிய நான்கும் இதைச் செய்கின்றன. ஃபயர்பாக்ஸில் வசதி எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் அணைத்தே வைத்திருக்கிறார்கள். பிரேவ் பிரவுசரும் அணைத்து வைத்திருக்கிறது.

இது புதிதாக வந்ததல்ல. ஆப்பிள், மொசில்லா, ஓபராக்காரர்கள் 2004இல் சேர்ந்து தொடங்கிய வாட்விஜி குழுவின் வரைவில் இருந்த யோசனை. 2006 ஜனவரியில் ஃபயர்பாக்ஸ் உருவாக்கத்தில் இருந்த டாரின் ஃபிஷர், அதன் சோதனைப் பதிப்பில் இதைச் சேர்த்திருப்பதாக அறிவித்தார். பயனர்கள் கொதித்துப் போனார்கள். அந்தக் கொதிப்புக்குப் பிறகு ஃபயர்பாக்ஸ் அதை அணைத்து வைத்துவிட்டது. பிறகு குரோமும் சஃபாரியும் சத்தமில்லாமல் இதை இயக்கிவிட்டன. 2019இல்தான் மறுபடி பேச்சு எழுந்தது. குரோமில் இதை அணைக்க இருந்த உள்ளமைப்பையும், சஃபாரியில் மறைவாக இருந்த அமைப்பையும் அந்த ஆண்டு எடுத்துவிட்டார்கள். சஃபாரியின் எஞ்சினை உருவாக்கும் வெப்கிட் குழு அதற்கு ஒரு விளக்கமும் கொடுத்தது. பிங்கை அணைப்பதால் யாருடைய அந்தரங்கமும் காப்பாற்றப்படாது, தளங்கள் வேறு மட்டமான வழிகளில் அதே வேலையைச் செய்யும், பக்கம் திறப்பது தாமதமாகும், அவ்வளவுதான் என்பது அந்த விளக்கத்தின் சாரம். மொசில்லாவே அப்போது இந்த வாதத்துக்கு ஒப்புதல் சொன்னது. அன்றிலிருந்து இதுவே எல்லோரும் ஏற்ற கருத்தாகிவிட்டது.

அதில் உண்மையான பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். பிங் இல்லாத காலத்தில் தளங்கள் செய்தது, இன்றும் பல செய்வது, சுற்றிவிடும் வேலை. நாம் தொடும் லிங்க் நேராக நாம் நினைத்த இடத்துக்குப் போகாது. முதலில் கணக்கெடுப்பவரின் சர்வருக்குப் போகும்; அவர் குறித்துக்கொண்டு, பிறகு உரிய இடத்துக்குத் தள்ளிவிடுவார். ட்விட்டரின் டி.கோ சுருக்க லிங்க் அப்படித்தான். ஃபேஸ்புக்கில் வெளித் தளத்துக்குப் போகும் லிங்கும் அப்படித்தான். சேலம் நகரத்துக்குள் நல்ல சிக்னலில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தச் சுற்று தெரியாது. காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக் கொண்டைஊசி வளைவுகளில் ஏறிக்கொண்டிருக்கும் வண்டிக்காரருக்கு, ஒற்றைக் கோடு சிக்னலில், ஒவ்வொரு சுற்றும் காத்திருப்புதான். இடையில் இருக்கும் சர்வர் படுத்துவிட்டால் லிங்கே செத்துவிடும். அதைவிட மோசம், லிங்க் உண்மையில் எங்கே போகிறது என்பது தொடுவதற்கு முன் தெரியவே தெரியாது. பிங்கில் இந்தக் குறைகள் இல்லை. லிங்க் நேராகப் போகிறது, முகவரி வெளிப்படையாக இருக்கிறது, சேதி தனியாகப் போகிறது. சுற்றிவிடுவதைவிட இது மேல் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

மேலான வழி என்பதால் அதை மறுக்கும் உரிமை நமக்கு வேண்டியதில்லை என்றார்களே, அங்கேதான் மறுக்கிறேன்.

இந்த வசதியை வரையறுக்கும் எச்டிஎம்எல் தர ஆவணத்தையே எடுத்துப் பாருங்கள். சுற்றிவிடுதலும் ஸ்கிரிப்டும் ஏற்கெனவே இருக்கும்போது பிங் எதற்கு என்ற கேள்வியை அந்த ஆவணமே எழுப்பி, பதிலும் சொல்கிறது. பயனருக்கு அதனால் நான்கு நன்மை என்கிறது. போய்ச் சேரும் முகவரி மறைக்கப்படாமல் தெரியும். பின்னணியில் சேதி போவதைப் பிரவுசர் பயனருக்குத் தெரிவிக்க முடியும். லிங்க் வேலை செய்வது கெடாமல், சேதியை மட்டும் பயனர் நிறுத்திவிட முடியும். பக்கம் வேகமாகத் திறக்க ஏதுவாகச் சேதியைப் பிரவுசர் பிறகு அனுப்பிக்கொள்ளலாம். இந்த நான்கும்தான் பிங்குக்கு இருக்கும் நியாயம். பின்னணிச் சேதி போகப் போவதைப் பிரவுசர் தெளிவாகக் காட்ட வேண்டும், எந்தெந்த முகவரிக்குப் போகிறது என்பதைக்கூடப் பட்டியலிடலாம் என்றும் ஆவணம் பரிந்துரைக்கிறது. பயனர் விரும்பினால் எல்லாவற்றையும் புறக்கணிக்கலாம், அல்லது மூன்றாமவருக்குப் போகும் சேதியை மட்டும் புறக்கணிக்கலாம், அதற்கான அமைப்பைப் பிரவுசர் தர வேண்டும் என்கிறது.

இப்போது குரோமைத் திறந்து பாருங்கள். முதல் நன்மை இருக்கிறது, நான்காவது இருக்கிறது. இரண்டாவதும் மூன்றாவதும் எங்கே? தெரிவிப்பது கிடையாது. நிறுத்த வழி 2019இல் போய்விட்டது. நான்கு கால் போட்டு நிறுத்திய நியாயத்தில் தளங்களுக்கு இடைஞ்சல் தராத இரண்டை வைத்துக்கொண்டு, படிப்பவன் கையில் முடிவைத் தரும் இரண்டையும் கழற்றிவிட்டு, "இதுதான் நேர்மையான வழி" என்று சொல்கிறார்கள். காட்டவும் செய்து, மறுக்கவும் விட்டிருந்தால் நேர்மையான வழிதான். இப்போது இருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

எந்த பிரவுசர் எந்த வசதியை ஆதரிக்கிறது என்று காட்டும் அட்டவணைகளில் பிங்குக்கு நேரே குரோமுக்கும் சஃபாரிக்கும் பச்சை நிறம் இருக்கும், ஃபயர்பாக்ஸுக்கு இருக்காது. அட்டவணை பார்க்கும் இளம் புரோகிராமர், ஃபயர்பாக்ஸ் பின்தங்கிவிட்டது என்றுதான் நினைப்பார். அந்தப் பச்சை அளப்பது ஒன்றையே ஒன்றுதான்: சேதி போகிறதா இல்லையா. போவதைக் காட்டுகிறதா, நிறுத்த விடுகிறதா என்ற கேள்விக்கு அங்கே கட்டமே இல்லை. தர ஆவணம் சொன்ன முழு வேலையையும் வைத்து அளந்தால், பச்சைக்கு உரிய பெரிய பிரவுசர் ஒன்றுகூடத் தேறாது. பாதி வேலை செய்தவனுக்கு முழுக் கூலி எழுதிய கணக்கு அது.

ஒரு லிங்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். நாமக்கல்லில் ஒரு லாரி உரிமையாளர் போனில் செய்தித் தளம் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறார். பழைய லாரிக்குக் கடன் தருவதைப் பற்றிய வரியில் ஒரு லிங்க். விரலை அதன்மேல் அழுத்திப் பிடித்தால் குரோம் ஒரு சிறு பட்டியலைத் திறந்து, அதன் தலையில் லிங்கின் முகவரியைக் காட்டும். கடன் நிறுவனத்தின் முகவரி மட்டும் இருக்கும். அவர் எச்சரிக்கையான ஆள். பார்த்துச் சரி என்று தொடுகிறார். அந்த நொடியில் இரண்டாவது கோரிக்கை ஒன்று விளம்பர நிறுவனத்தின் சர்வருக்குக் கிளம்புகிறது. போஸ்ட் முறையில் போகும் அதன் உடலில் இருப்பது நான்கே எழுத்து: PING என்ற ஆங்கிலச் சொல், அவ்வளவுதான். விஷயம் தலைப்பகுதியில் இருக்கிறது. 'பிங்-டூ' என்ற வரியில், அவர் போய்க்கொண்டிருக்கும் கடன் பக்கத்தின் முழு முகவரி. பாதுகாப்பான இணைப்பில் வந்த பக்கத்திலிருந்து வேறு நிறுவனத்துக்குப் போகும் சேதியானால், எந்தப் பக்கத்தில் இருந்தார் என்று சொல்லும் 'பிங்-ஃப்ரம்' வரியைத் தரநிலை விட்டுவிடச் சொல்கிறது, அதுவரை நல்லது. ஆனால் சேதி போகும் முகவரியிலேயே பக்கத்தின் எண்ணையோ வாசகருக்கென்று கொடுத்த எண்ணையோ தளம் முன்கூட்டியே எழுதி வைக்கலாமே. அதோடு குக்கியும் சேர்ந்து போகிறது. அந்த விளம்பர நிறுவனம் முன்பே அவர் போனில் குக்கி வைத்திருந்தால், பழைய லாரிக்குக் கடன் தேடுபவர் யார் என்று புதிதாகத் தேட வேண்டியதில்லை.

குக்கியைச் சொன்னதால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெப்கிட் குழுவின் விளக்கம் ஓரளவு தாங்குவதற்குக் காரணம், சஃபாரி மூன்றாமவர் குக்கிகளை 2020 மார்ச்சிலிருந்து முழுக்கத் தடுத்துவிட்டது. அங்கே பிங் போனாலும் ஆளை அடையாளம் காட்டும் சீட்டு கூடப் போகாது. குரோமில் அந்தத் தடை இல்லை. கூகுள் பல ஆண்டுகளாகத் தடுக்கப் போவதாகச் சொல்லி வந்து, 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. ஐபோனுக்கு ஆப்பிள்காரர்கள் சொன்ன நியாயத்தைக் கடன் வாங்கி ஆண்ட்ராய்டுக்கும் பொருத்திப் பேசுகிறார்கள். சேலம் டவுனிலும் ராசிபுரத்திலும் சங்ககிரி லாரிப் பட்டறைகளிலும் கையில் இருப்பது பெரும்பாலும் ஆண்ட்ராய்டு. வாங்கும்போதே அதில் குரோம் இருக்கிறது. கம்ப்யூட்டரில் குரோம் வைத்திருப்பவர் அதற்கான நீட்சியைப் போட்டாவது பிங்கை அணைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு குரோமில் நீட்சி போட இடமே கிடையாது. பாதுகாப்பு மிகவும் தேவைப்படுபவரிடம்தான் கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை.

"பிங்கை நிறுத்தினால் ஸ்கிரிப்ட் வைத்து அனுப்புவார்கள்" என்பது அடுத்த வாதம். அனுப்பலாம். பக்கத்தை விட்டுக் கிளம்பும்போது சேதி அனுப்புவதற்கென்றே பீக்கன் என்ற ஸ்கிரிப்ட் வசதி எல்லா பிரவுசரிலும் உண்டு. ஆனால் ஸ்கிரிப்டை நிறுத்த முடியும். பிரவுசரிலேயே தளத்துக்குத் தளம் அணைக்கலாம்; ஆண்ட்ராய்டு குரோமின் அமைப்புகளில்கூட அதற்கு இடம் இருக்கிறது. அணைத்தால் பல தளங்கள் நொண்டும் என்றாலும், முடிவெடுப்பது பயனர். ஸ்கிரிப்டை அணைத்த பிறகும் பிங் போய்க்கொண்டே இருக்கும். வேறு வழியில் செய்வார்கள் என்பதற்காக இந்த வழிக்குத் தாழ்ப்பாள் கூடாது என்பது எந்த ஊர் நியாயம்? வீட்டுச் சுவரில் நான்கு ஜன்னல் இருந்தால் நான்குக்கும் கொக்கி போடத்தான் கேட்போம். ஒன்றுக்குக் கொக்கி இருப்பது வீண், ஆகவே கழற்றிவிட்டோம் என்று கொத்தனார் சொன்னால் கூலியைக் கொடுத்து அனுப்பமாட்டோம்.

"பிங் வந்தால் சுற்றிவிடும் லிங்க் ஒழிந்துவிடும்" என்று சொன்னதும் முழுக்க நடக்கவில்லை. கூகுள் தேடல் பக்கத்தில் குரோம் பயனருக்கு லிங்க் நேராக வந்து பிங் தனியாகப் போவது உண்மைதான். அங்கே அந்த வாக்குறுதி நிறைவேறியது. மற்ற இடங்களில்? டி.கோ இன்றும் சுற்றிவிடுகிறது. ஃபேஸ்புக் சுற்றிவிடுகிறது. வங்கியும் கடைகளும் கடன் நிறுவனங்களும் அனுப்பும் குறுஞ்செய்தியில் இருப்பது சுருக்க லிங்க்தான். குறுஞ்செய்திக்கு எச்டிஎம்எல் கிடையாது, ஆகவே பிங்குக்கு அங்கே வேலையே இல்லை. சுருக்க லிங்கின் வாலில் நான்கைந்து எழுத்து இருக்கும்; ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு தனி வால் உருவாக்கி அனுப்ப முடியும். அப்படி அனுப்பியிருந்தால், தொட்ட நொடியில் எந்த போன் எண்காரர் தொட்டார் என்பது அனுப்பியவருக்குத் தெரியும். கடன் லிங்கை ஆர்வத்தில் தொட்டுவிட்டு மூடிய மறுநாளே நாலு பேர் கூப்பிட்டு "சார், லோன் வேணுங்களா?" என்று கேட்பது சேலம், நாமக்கல் பக்கத்தில் யாருக்கும் புதிய அனுபவம் இல்லை. ஆக, பழைய சுற்றும் போகவில்லை, புதிய பின்னணிச் சேதியும் வந்து சேர்ந்தது. ஒன்றுக்குப் பதில் ஒன்று என்று சொல்லி ஒன்றோடு ஒன்றைக் கூட்டியிருக்கிறார்கள்.

சிறு வியாபாரிகளின் பெயரைச் சொல்லியும் இதை நியாயப்படுத்துகிறார்கள். எந்த விளம்பரம் வேலை செய்தது என்று தெரியாமல் இளம்பிள்ளை சேலைக்காரர் எப்படித் தொழில் செய்வார் என்று கேட்கிறார்கள். இளம்பிள்ளையின் சேலை வியாபாரம் இன்று பெரிய அளவில் வாட்ஸ்அப்பிலும் யூடியூபிலும் நடப்பது உண்மை. கணக்கு அவர்களுக்கு வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் பிங் எப்படி வேலை செய்கிறது என்று யோசித்தாலே இந்த வாதம் நிற்காது. கடைக்காரருக்குத் தெரிய வேண்டியது தன் கடைக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள் என்பது. வந்தவர் கணக்கு அவருடைய தளத்தின் சர்வர் பதிவேட்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் முகவரியில் ஒரு குறிச்சொல் சேர்த்துவிட்டால் வழியும் தெரிந்துவிடும். பிங் சொல்வது வேறு: என் பக்கத்திலிருந்து யார் வெளியே எங்கே போனார்கள் என்பது. அந்தக் கணக்கால் லாபம் யாருக்கு? ஆயிரம் கடைக்கு வழி காட்டும் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு. தேடுபொறிக்கு, சமூக வலைத்தளத்துக்கு, விளம்பர வலையமைப்புக்கு. இளம்பிள்ளையில் சேலை விற்பவர் பத்து பிங் கூட அனுப்ப மாட்டார். அவர் தோளில் துப்பாக்கியை வைத்து யார் சுடுகிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது வேறொரு பேச்சில். "இந்த அந்தரங்கமெல்லாம் படித்த நகரத்துக்காரர்கள் கவலை, நம்ம ஊர் ஆளுக்கு மறைக்க என்ன இருக்கிறது?" என்று நம்மவர்களே சொல்வது. இந்த ஊர்களைப் பார்க்காதவர்கள் சொல்லலாம், பார்த்தவர்கள் சொல்லக் கூடாது. புதன்சந்தை மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். தரகரும் வாங்குபவரும் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். பக்கத்தில் நிற்பவருக்கு எண் தெரியாது. மாடு எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நிற்கிறது, பேரம் நடப்பதும் தெரிகிறது, என்ன கேட்டார் என்பது மட்டும் கேட்டவருக்கும் சொன்னவருக்கும் நடுவில் இருக்கிறது. கேட்பதே ஒரு தகவல், அந்தத் தகவலுக்கு விலை உண்டு, அது மூன்றாவது ஆள் கைக்குப் போனால் தனக்கு நஷ்டம் என்று இந்த மண்ணின் விவசாயிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஜவ்வரிசித் தொழிலிலும் இதே பாடம்தான். சேலம், நாமக்கல் வட்டாரத்து மரவள்ளி ஆலைக்காரர்கள் தங்கள் சரக்கை வியாபாரிகளையும் தரகர்களையும் நம்பியே விற்றுக்கொண்டிருந்தார்கள். யாரிடம் எவ்வளவு இருப்பு, யாருக்குப் பணமுடை என்பதெல்லாம் எதிராளிக்குத் தெரியும், சந்தை விலை இவர்களுக்குத் தெரியாது. அந்தப் பிடியிலிருந்து வெளியே வரத்தான் 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பை உருவாக்கினார்கள். ஒருவன் தேவையை இன்னொருவன் முன்கூட்டியே அறிந்துகொண்டால் விலை யார் பக்கம் சாயும் என்பதற்கு அந்தத் தொழிலின் வரலாறே சாட்சி. கோழிப்பண்ணைக்காரர் மக்காச்சோளம், சோயா விலையைப் போனில் தேடும்போதும், திருச்செங்கோட்டு ரிக் வண்டி முதலாளி டீசல் செலவுக்குக் கடன் பார்க்கும்போதும், பள்ளிபாளையம் விசைத்தறித் தொழிலாளி சிறுநீரக நோயைப் பற்றிப் படிக்கும்போதும், அவர்கள் தொட்ட லிங்குகளை வரிசையாக அடுக்கினால் அவர்கள் யாரிடமும் வாய் திறந்து சொல்லாத கஷ்டம் வெளியே வந்துவிடும். இவர்களுக்கு மறைக்க ஒன்றுமில்லை என்று சொல்வதற்கு யாருக்கு என்ன உரிமை இருக்கிறது?

சட்டம் இந்தப் பேச்சை எப்போதோ நிராகரித்துவிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். படித்தவருக்கு மட்டும் என்று எழுதவில்லை. அதன் தொடர்ச்சியாக வந்த 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் என்றால் என்ன என்று ஆறாவது பிரிவில் வரையறுக்கிறது. தானாக முன்வந்து தருவதாக, குறிப்பிட்ட ஒரு காரியத்துக்கானதாக, விஷயம் தெரிந்து தருவதாக, நிபந்தனையற்றதாக, தெளிவான ஒரு செயலால் வெளிப்படுவதாக இருக்க வேண்டும். அறிவிப்பை எட்டாவது அட்டவணை மொழிகளில், அதாவது தமிழிலும், பெறும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது ஐந்தாவது பிரிவு. லாரி உரிமையாளர் லிங்கைத் தொட்டது கடன் பக்கத்தைப் பார்க்க. விளம்பர நிறுவனத்துக்குச் சேதி சொல்ல அவர் எந்தச் செயலும் செய்யவில்லை; அப்படி ஒரு சேதி போவதே அவருக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்குச் சம்மதம் எங்கிருந்து வரும்? தளங்கள் தமிழில் அறிவிப்பு வைத்துச் சம்மதம் கேட்கட்டும். கேட்ட பிறகு ஒருவர் வேண்டாம் என்றால், அந்த மறுப்பை நிறைவேற்றும் கருவி பிரவுசரில் இருக்க வேண்டுமல்லவா? அதைத்தான் 2019இல் கழற்றிவிட்டார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் இன்னும் கண்டிப்பு. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களைப் பின்தொடர்வதும், நடத்தையைக் கண்காணிப்பதும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் கூடாது என்று ஒன்பதாவது பிரிவு நேரடியாகவே சொல்கிறது. கல்வி நிறுவனங்கள் போன்ற சிலருக்கு வரையறுத்த விலக்குகள் விதிகளில் உண்டு; விளம்பர வலையமைப்புகளுக்குப் பொது விலக்கு ஏதுமில்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரம் விடுதிப் பள்ளிகளுக்குப் பெயர்போனது. வெளி மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள், இன்றும் சேர்க்கிறார்கள். பிளஸ் டூ படிக்கும் பெண் நீட் பயிற்சி, கல்லூரிச் சேர்க்கை, கல்விக் கடன் என்று தேடித் தொடும் ஒவ்வொரு லிங்கிலும் பிங் இருந்தால் அது போகும். பிரவுசர் வயது கேட்பதில்லை. சேதியைப் பெறுபவரும் கேட்பதில்லை. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து பதினெட்டு மாதத்தில், 2027 மே வாக்கில், நடைமுறைக்கு வருகின்றன. அதற்குள் யார் எதை மாற்றப் போகிறார்கள் என்று அந்தச் சட்டத்தின்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியம் பிரவுசர் நிறுவனங்களையும் கேட்க வேண்டும், தளங்களை மட்டும் கேட்டால் போதாது.

லிங்க் ஆபத்தானது என்பது அரசுக்குத் தெரியாததல்ல. முன்பதிவு செய்யாத லிங்குகள் உள்ள வணிகக் குறுஞ்செய்திகளைத் தடுத்துவிட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 ஆகஸ்டில் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. மோசடி லிங்குகளுக்கு எதிரான நல்ல நடவடிக்கை. ஆனால் அது பார்ப்பது லிங்க் எங்கே போகிறது என்பதை. தொட்டவரைப் பற்றிய சேதி எங்கே போகிறது என்பதை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

நான் கேட்பது பிங்கை ஒழிக்க அல்ல. தர ஆவணம் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். லிங்கை அழுத்திப் பிடித்தால் வரும் பட்டியலில், போகும் முகவரிக்குக் கீழே, சேதி போகும் முகவரிகளையும் ஒரு வரியில் காட்டுங்கள். அமைப்புகளில் ஒரு ஸ்விட்ச் வையுங்கள், அதைத் தமிழிலும் எழுதுங்கள். மூன்றாமவருக்குப் போகும் சேதி, பயனர் வேண்டும் என்று சொல்லும்வரை போகாமலிருக்கட்டும்; தளம் தன் சொந்த சர்வருக்கு அனுப்பிக்கொள்ளட்டும். இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ஸ்விட்ச்சுக்கான குறிநிரல் குரோமுக்குள் இன்னும் இருக்கிறது, கம்ப்யூட்டரில் நீட்சிகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. அதைப் பயனர் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தால் போதும். ஆதரவு அட்டவணைகளைப் பராமரிப்பவர்களும் பிங்குக்கு இரண்டு கட்டம் போடட்டும்: அனுப்புகிறதா, நிறுத்த விடுகிறதா.

அதுவரை ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்கள் ஃபயர்பாக்ஸையோ பிரேவையோ போட்டுக்கொள்ளலாம். இரண்டும் இலவசம், இரண்டிலும் பிங் அணைந்தே வருகிறது. போட்டதோடு விடாமல், போனின் அமைப்புகளில் அதையே வழக்கமான பிரவுசராகவும் மாற்ற வேண்டும். இல்லையென்றால் வாட்ஸ்அப்பிலும் குறுஞ்செய்தியிலும் தொடும் லிங்க் பழையபடி குரோமில்தான் திறக்கும். சுருக்க லிங்கின் வாலை இது தடுக்காது, அதைத் தொடாமல் கடையின் அல்லது வங்கியின் முகவரியைத் தாமே அடித்துப் போவதுதான் வழி. பள்ளிக் கணினி ஆய்வகங்களை வைத்திருக்கும் நாமக்கல் மாவட்டத்துத் தாளாளர்கள், அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன்பே அங்கிருக்கும் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இந்த மாற்றத்தைச் செய்துவிட முடியும்.